புல்வெளி எனப் பெயர்பெற்ற பாலை: லாஸ் வேகாசில் அழகுப் புல்தரையும் குடிநீரும்

ஓரிடத்தின் பெயர் அவ்விடத்தின் பழைய நிலையைக் காட்டும் சான்றாக நின்றுவிடுவதுண்டு. சென்னை மாம்பலத்தில் ஏரி மறைந்து பல்லாண்டுகள் ஆனபின்னும் ஏரியைக் குறிக்கும் சாலைப்பெயர் வழங்கி வருகிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துத் தென்கோடியில் அமைந்த லாஸ் வேகாஸ் நகரின் பெயரும் இத்தகையதே. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் 'புல்வெளிகள்' என்பது பொருள். ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 10 சென்டிமீட்டர் மழை மட்டுமே பெறும் மோகாவிப் பாலையில் ஊர் ஒன்று இப்பெயரைப் பெற்றதற்குக் காரணம், நிலத்தடி நீர் தானே பொங்கி ஓடைகளாகப் பரந்து புல்லை வளர்த்த ஊற்றுகள் அங்கு இருந்தமையாகும். அவ்வூற்றுகள் 1962இல் தரைமட்டத்தில் முற்றிலும் வற்றின. ஊற்று வளர்த்த புல் மறைந்த நகரில் குழாய்நீர் வளர்த்த புல் எவ்வாறு பரவியது, பின்னர் அது எவ்வாறு அகற்றப்பட்டது, இறுதியில் சட்டத்தாலேயே விலக்கப்படும் நிலையை எவ்வாறு அடைந்தது என்னும் வரலாறு ஆராயத்தக்கது. நகரங்களின் குடிநீர் குறித்து இன்று எழும் வினாக்கள் பலவற்றுக்கு அவ்வரலாறு ஒரு முன்சான்றாக அமைகிறது.

ஊற்றும் ஊரும்

அவ்வூற்றுகளைத் தென் பையூட் மக்கள் நெடுங்காலம் பயன்கொண்டு வாழ்ந்தனர். 1829–30இல் நியூ மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியா நோக்கிச் சென்ற வணிகர்களுக்கு அப்பகுதி தங்குமிடமாயிற்று. 1844 மே மாதத்தில் ஜான் ஃப்ரீமான்ட் அங்குப் பாசறை அமைத்துத் தம் பயண அறிக்கையில் அவ்விடத்தைக் குறித்தார். 1855இல் மார்மன் சமயத்தார் கோட்டையொன்று கட்டிப் பயிரிட முயன்று, ஈராண்டுகளில் கைவிட்டனர். அதன்பின் பண்ணையாகக் கிடந்த நிலத்தை 1902இல் இருப்புப்பாதைக் குழுமம் விலைக்கு வாங்கியது. நீராவி இயந்திரங்களுக்கு நீர் வேண்டியிருந்தது. ஊற்று அதனைத் தந்தது. 1905 மே 15 அன்று மனைகள் ஏலம் விடப்பட்டதே இன்றைய நகரின் தொடக்கம்.

துளையிட்டால் எக்கியின்றியே நீர் மேலெழுந்த அத்தொடக்கக் காலத்தில் நீருக்கு விலையிருப்பதாக எவரும் எண்ணவில்லை. கிணறுகளின் வாய் மூடப்படாமல் இரவும் பகலும் நீர் ஓடவிடப்பட்டது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கிய வேகத்துக்கேற்ப நிலமும் அமிழ்ந்தது. பள்ளத்தாக்கின் சில பகுதிகள் 1935ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை தாழ்ந்துள்ளன. ஊற்று வற்றியது எதிர்பாராது நேர்ந்த நிகழ்வன்று என்பதற்கு இவ்வமிழ்வே போதிய சான்றாகும்.

புல்தரை வந்த வழி

பயன்பாட்டுக்கன்றிப் பார்வைக்கென வளர்க்கப்படும் புல்தரை ஈரமான மேற்கு ஐரோப்பாவின் படைப்பாகும். 'லான்' என நாம் வழங்கும் ஆங்கிலச் சொல்லும், மரங்களிடையே அமைந்த வெட்டவெளியைக் குறித்த பழம் பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து பிறந்ததே. 17ஆம் நூற்றாண்டு வெர்சாயில் அரண்மனைத் தோட்டத்திலும், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலக்கிழார் மாளிகைகளிலும் அது பெருஞ்செல்வத்தின் அடையாளமாக விளங்கியது. விளையும் நிலத்தை விளையாது விட்டுவைக்கவும், அரிவாள் கொண்டு ஓயாது அரியும் ஆட்களை அமர்த்தவும் வல்லவர்க்கே அது வாய்த்தது. 1830இல் எட்வின் பட்டிங் என்பார், துணியின் மேற்பரப்பைச் சீராகக் கத்தரிக்கும் ஆலைப்பொறியைக் கண்டு, அதே முறையில் புல்வெட்டும் பொறியை அமைத்துக் காப்புரிமை பெற்றார். கூலியாட்களின் இடத்தைப் பொறி கொண்டபின் புல்தரை நடுத்தர வகுப்பினர்க்கும் எட்டியது.

அமெரிக்காவில் 1870இல் வெளிவந்த ஃபிராங்க் ஸ்காட்டின் இல்லத்தோட்ட நூல், வேலியில்லா முன்புறப் புல்தரையைக் குடிமக்களின் பொதுக் கடமையாகவே வகுத்துரைத்தது. 1899இல் பொருளியலறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் இதனை வேறு கோணத்தில் நோக்கினார். புல்தரை, மேய்ச்சல் நிலத்தின் நினைவு. எனினும் அதில் பசுவை மேயவிட்டால் சிக்கனமும் பயனும் வெளிப்பட்டுவிடும் என்பதால் செல்வர் அதனை விலக்குகின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். பயனின்மையே பெருமையாகும் இம்மனப்பாங்கை அவர் சுட்டியபோது லாஸ் வேகாஸ் நகரமாகவில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்குப்பின் அந்நகரின் சட்டம் 'பயன்' என்னும் சொல்லையே அளவுகோலாகக் கொள்ள நேர்ந்தமை நோக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் புறநகர்க் குடியிருப்புகள் பெருகியபோது புல்தரை ஒரே அச்சில் வார்த்தாற்போல் நாடெங்கும் பரவியது. 1947இல் நியூயார்க் அருகே தொடங்கிய லெவிட்டவுனில் வீடு பெற்றோர், புல் வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை அதனை வெட்டவேண்டும் என்பது உரிமைப் பத்திரத்திலேயே நிபந்தனையாக இடம்பெற்றது. 2005இல் வெளியான ஆய்வொன்று, செயற்கைக்கோள் படங்களின் துணைகொண்டு அமெரிக்கப் புல்தரைகளின் பரப்பை ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் எனக் கணித்தது. அந்நாட்டில் பாசனத்தால் விளையும் மக்காச்சோளப் பரப்பைப்போல் இது மும்மடங்காகும். உண்ணவும் விற்கவும் ஆகாத ஒன்றே அந்நாட்டில் மிகுந்த பரப்பில் நீர் பாய்ச்சப்படும் பயிராக இருந்தது என்பது இதன் பொருள்.

பருவமழை நாடான இந்தியாவுக்கும் இவ்வழக்கம் ஆங்கிலேயர் வழியே வந்தது. கர்சன் பிரபு தாஜ்மகாலின் அடர்ந்த மரத்தோட்டத்தைச் சீரமைத்தபோது அங்குத் திறந்த புல்தரைகள் இடம்பெற்றன. மொகலாயத் தோட்டம் ஆங்கிலப் பூங்காவின் சாயலைப் பெற்றது.

இங்குச் சொல்வழக்குச் செய்தி ஒன்றையும் குறிக்கலாம். வெப்பமான மாநிலங்களின் புல்தரைகளிலும் கோல்ஃப் திடல்களிலும் 'பெர்முடாப் புல்' எனப் போற்றி வளர்க்கப்படுவது வேறொன்றுமன்று. வயல்வரப்பில் வேர்விட்டு, பிள்ளையாருக்குச் சாத்தப்படும் நம் அறுகம்புல்லே அது. வறட்சியைத் தாங்கும் அறுகு குளிர்காலத்தில் பழுப்பேறிக் கிடக்கும். அந்தப் பழுப்பைப் பொறாமல் அதன்மீது ரைப்புல் விதையைத் தூவி நீர் தெளித்து ஆண்டு முழுதும் பச்சை காட்டுவது லாஸ் வேகாசின் வழக்கமாயிற்று. தாங்கும் இயல்புடைய புல்லையும் தாகமுடையதாக்கியது காண்போர் விருப்பமே.

ஆற்றைப் பங்கிட்ட கணக்கு

உலர்ந்த மேற்கு நிலத்தில் நீர் மிகக் குறைவு என்பது முன்னரே எடுத்துரைக்கப்பட்ட செய்தியாகும். 1878இல் ஜான் வெஸ்லி பவல், வறள்நிலங்கள் பற்றிய தம் அறிக்கையில், அங்குள்ள நிலத்தில் சிறுபகுதிக்கே பாசனநீர் கிட்டும் என்று விளக்கினார். உழவு சென்றவிடமெல்லாம் மழையும் பின்தொடரும் என நிலவணிகரும் அவர்க்கு இசைந்தோரும் பரப்பிய நம்பிக்கை அவ்வறிக்கையைப் பின்தள்ளியது.

1922 நவம்பரில் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் உடன்படிக்கையால் பங்கிட்டன. மேல்வடிநிலத்துக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி, கீழ்வடிநிலத்துக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி என்பது கணக்கு. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடியாகும். அஃது ஏறத்தாழ 12.3 இலட்சம் லிட்டர். 1928ஆம் ஆண்டுச் சட்டம் கீழ்வடிநிலப் பங்கில் கலிபோர்னியாவுக்கு 44 இலட்சமும் அரிசோனாவுக்கு 28 இலட்சமும் நெவாடாவுக்கு 3 இலட்சமும் வகுத்தது. 1944ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மெக்சிகோவுக்கு 15 இலட்சம் உறுதியளிக்கப்பட்டது. ஆக, 1 கோடியே 65 இலட்சம் ஏக்கர்-அடியில் நெவாடாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை 77,407 மட்டுமே. இத்தனை சிறிய பங்கை அதன் பேராளர் ஏற்றுக்கொண்டமைக்கு இவ்வெண்ணே விளக்கம் தருகிறது.

பங்கீட்டின் அடிப்படையே பிழைபட்டது என்பது பின்னர்த் தெரியவந்தது. உடன்படிக்கைக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்ட ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்தவை. 1976இல் அறிஞர் இருவர் மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு ஆற்றின் நீண்டகாலச் சராசரி ஓட்டத்தை ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் ஏக்கர்-அடி எனக் கணித்தனர். பங்கிட்ட நீர் ஆற்றில் ஓடிய நீரைவிட மிகுதி.

ஹூவர் அணை 1935இல் திறக்கப்பட்டது. அதனால் உருவான மீடு ஏரி, நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் விரிந்தது. ஆயினும் ஏரிநீர் நகருக்கு உடனே வரவில்லை. போர்க்காலத்தில் மக்னீசிய ஆலைக்கென இடப்பட்ட குழாய் வழியே 1950களில் ஓரளவு நீர் பெறப்பட்டது. 1971இல் தனிப்பெருங் குழாய்த்தொகுதி இயங்கியபின்னரே ஏரி நகரின் முதன்மை ஊற்றாயிற்று. தடையின்றி நீர் வந்ததும் புல்தரையும் பெருகியது. நகரை உள்ளடக்கிய கிளார்க் மாவட்டத்தில் 1950இல் 48,289 பேர் வாழ்ந்தனர். 2000இல் அவ்வெண் 13,75,765. ஈரநாட்டிலிருந்து குடிபெயர்ந்தோர் தம் பழைய ஊரின் முற்றத்தையும் உடன் கொண்டுவந்தனர் எனலாம்.

ஒரு சொல்லின் பிறப்பு

புல்தரைக்கு மாற்று தேடும் முயற்சி முதலில் பெயர் பெற்றது லாஸ் வேகாசில் அன்று, கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலாகும். 1977ஆம் ஆண்டு வறட்சியை அடுத்து, 1981இல் டென்வர் நீர்வழங்கு துறையினர் தோட்ட அமைப்பாளருடனும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து புதுச்சொல் ஒன்றை உருவாக்கினர். வறட்சியைக் குறிக்கும் கிரேக்க அடிச்சொல்லையும் நிலத்தோற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதியையும் ஒட்டி அமைந்த அச்சொல் 'செரிஸ்கேப்' என்பதாகும். துறையின் திட்ட அலுவலர் நான்சி லீவிட் அதனைப் படைத்தவராகக் குறிக்கப்பெறுகிறார். திட்டமிடல், மண்வளம் பேணல், தேவையான அளவே புல், இடத்துக்கேற்ற செடி, சிக்கனப் பாசனம், மூடாக்கு, பராமரிப்பு எனும் ஏழு நெறிகள் அதற்கு வகுக்கப்பட்டன. இவற்றுள் புல்லை முற்றிலும் விலக்கும் நெறி எதுவும் இல்லை என்பதை மனங்கொள்ள வேண்டும்.

ஆனால் சொல்லின் ஒலியே அதற்குத் தீங்கு செய்தது. ஆங்கிலப் பேச்சில் அதன் முதற்பகுதி 'ஜீரோ' என்பதை ஒத்தொலிக்க, செடியே இல்லாத கல்பரப்பு என்று பலர் பொருள்கொண்டனர். கருங்கல் சல்லியைக் கொட்டி நடுவே ஒரு கள்ளியை நட்டுவிட்டு அதனையே செரிஸ்கேப் என அழைத்தோரும் உளர். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதத்தக்க எடுத்துக்காட்டு இது. அடிச்சொல் எவ்வளவு செம்மையானதாயினும் வழங்குவோர் செவியில் அது எவ்வாறு விழுகிறது என்பதே பொருளை முடிவுசெய்கிறது. தமிழில் 'வறள்தோட்டம்' என்றால் இதே இடர் நேரும். 'நீர்ச்சிக்கனத் தோட்டம்' என்பது சற்றே நீண்டாலும் கருத்தைப் பிழையின்றி உணர்த்தும்.

டென்வரில் இச்சொல்லுக்குப் பின்னால் அணைப் பூசலொன்றும் இருந்தது. டூ ஃபோர்க்ஸ் என்னுமிடத்தில் பேரணை கட்டும் திட்டத்தை எதிர்த்தோர், சிக்கனத்தால் அணைக்குரிய நீரில் பெரும்பகுதியைப் பெறலாம் என வாதிட்டனர். 1990இல் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அத்திட்டத்தை மறுத்தது. புல்தரையின் அளவு, மலைப்பள்ளத்தாக்கு ஒன்று மூழ்குமா பிழைக்குமா என்பதோடு தொடர்புடையது என்னும் உண்மை அப்போது வெளிப்பட்டது.

அகற்றியவர்க்குப் பணம்

லாஸ் வேகாசில் 1991இல் ஏழு நீர்வழங்கு அமைப்புகளும் கழிவுநீர் அமைப்புகளும் ஒன்றிணைந்து தென் நெவாடா நீர் ஆணையத்தை நிறுவின. அதுவரை ஒவ்வோர் அமைப்பும் தன் பங்கைப் பயன்படுத்தாவிடில் இழந்துவிடுவோம் எனும் அச்சத்தால் செலவைப் பெருக்கியது. பங்குகளைப் பொதுவாக்கியபின் சிக்கனத்தால் இழப்பில்லை என்றாயிற்று. ஆணையத்தின் தலைமை அலுவலராகப் பணியாற்றிய பாட்ரீசியா முல்ராய் இம்மாற்றத்தின் முதன்மைச் சிற்பியாக மதிக்கப்படுகிறார்.

இந்நகரின் நீர்க்கணக்கில் தனிச்சிறப்புடைய கூறு ஒன்று உண்டு. நெவாடாவின் பங்கு, எடுத்த நீரில் திருப்பித் தந்ததைக் கழித்தே கணக்கிடப்படுகிறது. குளியலறையிலும் சமையலறையிலும் நூறு குடம் நீர் செலவானால் அதில் ஏறத்தாழ 99 குடம் சாக்கடை வழியே தூய்மைநிலையம் சென்று, ஓடையொன்றின் வழியே மீடு ஏரியை மீண்டும் அடைகிறது. அவ்வளவு நீரை நகரம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முற்றத்துப் புல்லுக்குத் தெளித்த நீரோ காற்றில் ஆவியாகிறது, அது திரும்புவதில்லை. எனவே பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்னும் வழக்கமான அறிவுரை இந்நகரில் ஆற்றுக்குப் பெரும்பயன் தருவதன்று. குடிநீர் உண்மையில் இழக்கப்பட்ட இடம் வீட்டின் வெளிப்புறமே. இதனை உணர்ந்த பின்னரே ஆணையத்தின் கவனம் புல்தரையின் மீது முழுமையாகக் குவிந்தது.

கருதுகோளை மெய்ப்பிக்க ஆணையம் நடத்திய ஆய்வு, துறையின் வரலாற்றில் ஒரு மைல்கல் எனத்தக்கது. 1995இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தனிமானிகள் பொருத்தி வீட்டுத் தோட்டங்களின் நீர்ச்செலவு அளக்கப்பட்டது. முடிவறிக்கை 2005இல் வெளிவந்தது. ஒரு சதுர அடிப் புல்தரை ஆண்டுக்கு 73 காலன் நீரைக் கொண்டது. அதே பரப்பில் அமைந்த நீர்ச்சிக்கனத் தோட்டத்துக்கு 17.2 காலன் போதுமானதாயிற்று. 73 காலன் என்பதை மழையளவாக மாற்றினால் ஏறத்தாழ 3 மீட்டராகும். கேரளத்தில் ஓராண்டில் சராசரியாகப் பெய்யும் மழைக்கு அஃது ஈடானது. அத்தனை நீரைப் பாலையில் ஒவ்வொரு முற்றத்திலும் குழாயால் பெய்வித்துக்கொண்டிருந்தனர். மாற்றியமைத்த வீடுகளின் மொத்த நீர்ச்செலவு 30 விழுக்காடு குறைந்தது. தோட்டப் பராமரிப்புக்கான உழைப்பும் செலவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

புல்லை அகற்றுவோர்க்குச் சதுர அடிக் கணக்கில் பணம் தரும் திட்டம் 1999 முதல் நடைபெற்றது. 2002இல் வறட்சி உச்சமடைந்தது. மேற்பகுதியிலுள்ள பவல் ஏரிக்கு வந்த நீர் வழக்கமான அளவில் கால்பங்கு மட்டுமே. அவ்வாண்டில் தென் நெவாடாவின் ஆற்றுநீர்ச் செலவு அதன் உரிமையான 3 இலட்சம் ஏக்கர்-அடியையும் தாண்டியது. 2003இல் ஊக்கத்தொகை சதுர அடிக்கு 1 டாலராக உயர்த்தப்பட்டது. பிற்காலத்தில் அது 3 டாலராயிற்று. புதிய வீடுகளின் முன்புறத்தில் புல்தரை அமைப்பது அவ்வாண்டிலேயே தடுக்கப்பட்டது. நீர் பாய்ச்சும் நாள்கள் வரையறுக்கப்பட்டன. தெருவில் வழிந்தோடும் நீரைக் கண்டறிந்து தண்டம் விதிக்கக் கண்காணிப்பாளர் சுற்றி வந்தனர்.

ஊக்கத்தொகையின் நிபந்தனைகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. மாற்றியமைத்த நிலத்தில் செடிகள் முழு வளர்ச்சி பெறும்போது அவற்றின் இலைவிரிவு பாதிப் பரப்பையாவது மூடவேண்டும் என்பது ஒன்று. வெறுங்கல் பரப்பும் ஏமாற்றும் இதனால் தவிர்க்கப்பட்டன. நிலத்தை விற்றாலும் வாங்குவோர் மீண்டும் புல் நடாதவாறு உரிமைப் பத்திரத்தில் பதிவு செய்வது மற்றொன்று. லெவிட்டவுனில் புல்லைக் காத்த அதே பத்திரம் இங்குப் புல்லை விலக்கப் பயன்பட்டது.

20 கோடி சதுர அடிக்கு மேற்பட்ட புல்தரை இவ்வாறு அகற்றப்பட்டது. 2002க்குப்பின் மக்கள்தொகை ஏழு இலட்சத்துக்கு மேல் பெருகியும், 2023இல் ஆற்றிலிருந்து நிகரமாகக் கொண்ட நீர் 2 இலட்சம் ஏக்கர்-அடிக்கும் கீழ் இறங்கியது. பழைய ஊற்றுகள் இருந்த 180 ஏக்கர் நிலம் 2007இல் அருங்காட்சியகமும் பாலைத் தோட்டமும் அடங்கிய காப்பிடமாகத் திறக்கப்பட்டு, எந்தச் செடி எவ்வளவு நீர் கொள்ளும் என்பதை மக்களுக்குக் காட்டி வருகிறது.

மிச்சப்பட்ட நீர் எங்கே சென்றது?

இச்சாதனையை மறுப்பின்றி ஏற்பதற்கு முன் சில வினாக்கள் எழுகின்றன. முதியோர் தம் முற்றத்துப் புல்லை விட்டுக்கொடுத்ததால் கிடைத்த நீர், பாலையின் விளிம்பில் எழுந்த புதிய குடியிருப்புகளுக்குப் போனது என்னும் குறை நகரில் தொடர்ந்து கேட்கப்படுவது. அக்குறையில் உண்மை உண்டு. சிக்கனம் நகர வளர்ச்சியைத் தடுக்கவில்லை, இயலச் செய்தது. எனினும் எதிர்ப்பக்கச் சான்று ஒன்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 1989இல் நகரின் நீர்வழங்கு மாவட்டம், கிழக்கு நெவாடாவின் ஊரகப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் குழாயிட்டு நிலத்தடி நீரைக் கொணர விண்ணப்பித்தது. கோஷூட், ஷோஷோனி ஆகிய தொல்குடியினரும் கால்நடை வளர்ப்போரும் முப்பது ஆண்டுகள் அதனை எதிர்த்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கை வறளச்செய்த நிகழ்வு அவர்தம் நினைவில் இருந்தது. 2020 மே மாதத்தில் ஆணையம் அத்திட்டத்தைக் கைவிட்டது. நீதிமன்றத் தீர்ப்புகள் பாதகமாக அமைந்ததும், புல்தரை அகற்றத்தால் தேவை குறைந்திருந்ததும் அம்முடிவுக்குக் காரணங்கள். நகர முற்றங்களில் மறைந்த பச்சை, தொலைவிலுள்ள பள்ளத்தாக்குகளின் இயற்கைப் பச்சையைக் காத்தது என்பது மிகையன்று.

கொலராடோ ஆற்றுநீரின் பெரும்பகுதி வேளாண்மைக்கே, சிறப்பாகக் கால்நடைத் தீவனப் பயிர்களுக்கே செல்கிறது என்பதும் மறக்கத்தக்கதன்று. லாஸ் வேகாஸ் தன் புல்லனைத்தையும் பிடுங்கினாலும் ஆற்றின் பற்றாக்குறை தீராது. ஆயினும் மிகச்சிறிய பங்கையுடைய மாநிலம் தன் குடிகளின் தாகத்தை அப்பங்குக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதற்கு இதுவே வழியாக இருந்தது.

'பயன்' என்னும் சொல்

தாமாக முன்வருவோர் எண்ணிக்கை காலப்போக்கில் குறைந்தது. எஞ்சிய புல்தரையில் கணிசமான பகுதி, வணிக வளாகங்களின் முகப்பிலும் சாலை நடுத்திட்டுகளிலும் குடியிருப்புத் தொகுதிகளின் வாயிலிலும், புல்வெட்டும் ஆளைத் தவிர எவர் காலும் படாமல் கிடந்தது. 2021 ஜூன் மாதத்தில் நெவாடா ஆளுநர் ஸ்டீவ் சிசோலாக் கையொப்பமிட்ட சட்டம், இத்தகைய 'பயன்படாப் புல்தரைக்கு' 2026ஆம் ஆண்டு முடிந்தபின் கொலராடோ ஆற்றுநீரைப் பாய்ச்சலாகாது என விதித்தது. அமெரிக்காவில் நிலையான இத்தகைய தடை இதுவே முதலாவது. தனிவீடுகள் இதில் அடங்கா. அதே ஆண்டு ஆகஸ்டில் நடுவண் அரசு வரலாற்றில் முதன்முறையாகக் கொலராடோவில் நீர்ப்பற்றாக்குறையை அறிவித்தது. 2022இல் மீடு ஏரி, முதன்முதல் நிரப்பப்பட்ட 1930களுக்குப் பின் கண்டிராத அளவு தாழ்ந்தது. ஏரியின் பழைய நீரெடுப்பு வாயொன்று வெயிலில் வெளித்தெரிய, ஆழத்திலிருந்து இறைக்கும் புதிய நிலையம் இயக்கப்பட்டது.

சட்டம் வந்தபின் எழுந்த சிக்கல் சொற்பொருள் சார்ந்ததாகும். புல்லுக்குப் பயன் யாது? ஆணையம் அமைத்த குழு இதனை வரையறுக்க முற்பட்டது. குழந்தைகள் ஆடுமிடம், விளையாட்டுத் திடல், கோல்ஃப் ஆடுபரப்பு ஆகியன பயனுடையவை எனப்பட்டன. இடுகாட்டுப் புல்லும், வளர்ப்பு நாய்கள் இயற்கைக்கடன் கழிக்கும் புல்லும் அவ்வாறே ஏற்கப்பட்டன. சாலையோரக் குறும்பட்டைகளும் வாயில் அலங்காரங்களும் பயனற்றவை எனத் தள்ளப்பட்டன. கண்ணுக்கு இனிமை தருவது பயனாகாதா என வினவியோர்க்குச் சட்டம் 'ஆகாது' என விடையிறுத்தது. வெப்லன் காட்டிய பெருமை இங்குத் தலைகீழாயிற்று.

செல்வர் மாளிகைகள் இதற்குத் தப்பின என்னும் குறையும் எழாமலில்லை. 2022இல் கிளார்க் மாவட்டம் புதிய வீட்டு நீச்சற்குளங்களின் பரப்பை 600 சதுர அடிக்குள் வரையறுத்தது. 2023 முதல் பெருஞ்செலவு செய்வோர்க்குக் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டது. பற்றாக்குறை மிகும் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு அரை ஏக்கர்-அடி என வரம்பிடும் அதிகாரத்தையும் அவ்வாண்டுச் சட்டமொன்று ஆணையத்துக்கு அளித்தது.

மரங்களைப் பற்றிய பூசல் இவற்றினும் கடுமையானது. நெடுங்காலம் புல்லுக்குத் தெளித்த நீரிலேயே வேர் பரப்பி வளர்ந்த மரங்கள், தெளிப்பான்கள் நிறுத்தப்பட்டவுடன் பட்டுப்போகத் தொடங்கின. கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெப்பமுள்ள நகரில் நிழல் அழகுப்பொருளன்று. முதியோர்க்கும் வெளியில் உழைப்போர்க்கும் அஃது உயிர்காப்பு. புல்லை எடுக்கும்போதே ஒவ்வொரு மரத்தின் வேர்ப்பரப்புக்கும் தனிச் சொட்டுநீர்க் குழாய் இடவேண்டும் என்றும், மரம் இருக்குமிடத்துப் புல்லுக்கு விலக்குக் கோரலாம் என்றும் ஆணையம் அறிவித்தது. செலவுக்கு அஞ்சியோ அறியாமையாலோ பல தொகுதிகளில் அது பின்பற்றப்படவில்லை. 2025 தொடக்கத்தில் குடியிருப்பாளர் சிலர், முதிர்ந்த மரங்கள் பெருந்தொகையாக மடிவதற்கு இச்சட்டமே காரணமெனக் கூறி நீதிமன்றத்தை அணுகினர். நிலத்தில் விளைந்த கேடு, சட்டத்தால் நேர்ந்ததா, அதனைச் செயற்படுத்திய முறையால் நேர்ந்ததா என்பது அவ்வழக்கின் மையப்பொருளாயிற்று.